தடைக்காலத்து வைத்தியம் இனிப் போதாது

எங்கள் வீட்டு முற்றத்தில் கார் நிற்கும் இடத்திலே, செம்மண்ணில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. மழை பெய்தாலும் அது அழியாது. மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிட்டாலும் ஒரு கிழமைக்குள் மீண்டும் தோன்றிவிடும். அந்த வட்டத்திலிருந்து எங்கள் கிணற்றுக்கட்டு இருபது அடி தூரம்கூட இல்லை.

கார் ஒரு பழைய மொறிஸ் மைனர். 1990 ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு கோப்பாய்க்கு வந்தவர்கள் நாங்கள். குத்தகைக் காணியில் வெங்காயமும் வாழையும் செய்து, பல வருடங்களாகச் சேர்த்த காசில் அந்தக் காரை வாங்கினோம். பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டால் வாழைக்குலைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே திருநெல்வேலிச் சந்தைக்குப் போகலாம். மகளின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அதுதான். எஞ்சின் களைத்துவிட்டது என்றவுடன் அதை முழுதாகப் பிரித்துச் செய்வித்தோம். சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்ரனும் றிங்கும் போட்டு, வெளியே பச்சை வர்ணமும் பூசித் தந்தார்கள். பார்க்கப் புது எஞ்சின் போலவே இருந்தது. ஆனால் ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை ஹெட் கஸ்கெட் எரிந்தது. ஒயில் ஒழுக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது.

“அண்ணை, பழைய எஞ்சின் எண்டால் ஒழுகத்தான் செய்யும். ஒழுகாட்டில்தான் பயப்பட வேணும், உள்ளுக்கை ஒயில் இல்லை எண்டு அர்த்தம்” என்று கராஜில் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாம் தடவை கூலி கொடுப்பதற்கு, விதை வெங்காயத்துக்கென்று ஒதுக்கி வைத்த காசை எடுத்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்தப் பேச்சைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ‘பழையது என்றால் ஒழுகும், சமாளித்துக்கொள்வோம்’ என்னும் மனப்பாங்கு எங்களிடம் எப்படி வந்தது? அது எப்போது எங்களைக் காப்பாற்றியது? இன்று அது எங்களுக்கு என்ன செலவை வைக்கிறது? கார் இல்லாத குடும்பங்களும் இதை வாசிக்கலாம். தோட்டத்தில் இறைக்கின்ற மெசினும், வாடகைக்கு உழுகின்ற இரண்டு சில்லு உழவு இயந்திரமும் இதே முறையில்தான் பழுதாகின்றன, இதே முறையில்தான் திருந்துகின்றன.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் யாவும் தடைப் பட்டியலில் அடங்கின. மின்சாரமும் நின்றது. அப்போது எங்கள் தெருக்களில் ஓடியவை ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களே. சிறு போத்தலில் பொன்னைப்போல் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் கார்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். தெருவெல்லாம் வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் மணமுமாக இருக்கும்.

கஸ்கெட் கிடைக்காதபோது தடித்த காட்போட் மட்டையில் வெட்டினார்கள். பழைய ரியூபில் வெட்டினார்கள். தாங்கியில் ஓட்டை விழுந்தால் சவர்க்காரத்தைப் பிசைந்து அடைத்தார்கள். எரிந்த ஹெட் கஸ்கெட்டைத் தட்டி நிமிர்த்தி மறுபடியும் போட்டார்கள். 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, நடக்க முடியாத முதியவர்களையும் நோயாளர்களையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் ஊர்ந்தவற்றில் இந்தக் கார்களும் இருந்தன. அவற்றை ஓட வைத்த கைகளுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் அந்த ஓட்டத்துக்கு எஞ்சின்கள் கொடுத்த விலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் இலகுவில் ஆவியாகாது. எரியாமல் எஞ்சிய பங்கு சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி, கீழே சம்பிலுள்ள ஒயிலுடன் கலக்கும். அளவுக்கம்பியில் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். ‘ஒயில் குறையவில்லை, நல்ல எஞ்சின்’ என்று நினைப்போம். உண்மையில் அது நீர்த்துப்போன ஒயில். பெயரிங்குகள் தேய்வதற்கு அதுவே போதும்.

இரண்டாவது, மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைத் தாங்காது. உரிய வேளைக்கு முன்பே வெடித்து எரியும். எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் அதனால் வருவதுதான். ஒவ்வொரு தட்டும் ஹெட் கஸ்கெட்டின் விளிம்பில் விழும் அடி. 1940களின் இறுதியில் பெர்குசன் நிறுவனம் மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளுக்கென்று ஒரு வகை உழவு இயந்திரத்தை வெளியிட்டபோது, பெற்றோலில் ஓடும் வகையிலும் பார்க்க அமுக்கத்தைக் குறைத்தே அதைச் செய்தது. எமது தோட்டங்களிலுள்ள சிறிய மண்ணெண்ணெய் மெசின்களும் அப்படியே குறைந்த அமுக்கத்துக்குச் செய்யப்பட்டவை. பெற்றோலுக்குச் செய்த கார் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினால் கஸ்கெட் எரிவது வியப்பல்ல.

அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. 2009 இன் பின் ஏ 9 வீதியால் உதிரிப்பாகங்கள் தடையின்றி வருகின்றன. மண்ணெண்ணெயும் பழைய மலிவில் இல்லை. 2022 ஆவணியில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியதை எந்தத் தோட்டக்காரனும் மறக்கமாட்டான். மறுபுறம், 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை தனியார் கார்கள் நாட்டுக்குள் வராதபடியால் பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. ஆகவே, இருக்கும் எஞ்சினைத் திருத்தி ஓட்டுவதுதான் எங்கள் போன்ற குடும்பங்களுக்கு வழி. வழி அதுவாக இருந்தால் அந்தத் திருத்தம் உண்மையான திருத்தமாக இருக்க வேண்டும்.

ஒரு முதிய மெக்கானிக் காட்டியது

மூன்றாம் தடவை கஸ்கெட் எரிந்தபின், தடைக்காலத்தில் பெயர்பெற்ற ஒரு முதிய மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன், எரிந்த கஸ்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை எஞ்சினின் மேல் வைத்து, சிலிண்டர் ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். கஸ்கெட்டின் உலோக விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

விடயம் இதுதான். மொறிஸ் மைனர் கார் 1952 முதல் 803 சீசீ எஞ்சினுடனும், 1956 முதல் 948 சீசீ எஞ்சினுடனும், 1962 முதல் 1098 சீசீ எஞ்சினுடனும் வந்தது. வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே குடும்பம். ஆனால் சிலிண்டரின் குறுக்களவு 948 இல் ஏறத்தாழ 62.9 மில்லி மீற்றர், 1098 இல் ஏறத்தாழ 64.6 மில்லி மீற்றர். எங்களுடையது 1098. போட்டது 948 இன் கஸ்கெட். போதாக்குறைக்குச் சிலிண்டரைக் கடைந்து மேலும் பெருப்பித்திருந்தார்கள். நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு பழுக்கக் காய்ந்து எரியாமல் என்ன செய்யும்? ‘மைனர் கஸ்கெட்’ என்று கேட்டு வாங்கியதில் வந்த வினை.

அவரிடம் தடைக்காலத்து மட்டைக் கஸ்கெட் பற்றி நான் பெருமையாகச் சொன்னேன். அவர் சொன்னார்: “தம்பி, அப்ப ஒண்டும் கிடைக்கேல்லை, அதாலை செய்தனாங்கள். இப்ப ஏன் செய்யிறியள்?”

கஸ்கெட்டைத் தெரிவு செய்தல்

அவரிடமும் பின்னர் பிறரிடமும் கேட்டு நான் அறிந்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலாவது, காரின் பெயரைச் சொல்லிக் கஸ்கெட் வாங்காதீர்கள். எஞ்சினில் பொறித்துள்ள இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். சிலிண்டரைக் கடைந்திருந்தால் எத்தனை ‘ஓவர்’ என்று லேத்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய கஸ்கெட்டைக் கடையிலிருந்து வந்தவுடன் எஞ்சினின் மேல் வைத்து, சிலிண்டர் ஓட்டை, தண்ணீர் ஓட்டை, ஒயில் ஓட்டை ஒவ்வொன்றும் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். கஸ்கெட்டின் ஓட்டை சிலிண்டரிலும் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக ஒருபோதும் இருக்கக்கூடாது.

இரண்டாவது, வகை. செப்புத் தகடுகளுக்கு நடுவே அஸ்பெஸ்ரஸ் வைத்த பழைய கஸ்கெட்டுகள் இன்னும் சில கடைகளின் மூலையில் கிடக்கும். பல வருடம் கிடந்தவை காய்ந்து நொறுங்கும், அஸ்பெஸ்ரஸ் தூசு நுரையீரலுக்குக் கேடு. வாங்க வேண்டாம். எஞ்சினில் ஏற்கெனவே அப்படியொன்று ஒட்டியிருந்தால் நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், உலர்ந்தபடி அரத்தாள் தேய்க்காதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கிரபைற் சேர்த்த இன்றைய கலப்புக் கஸ்கெட் மெதுமையானது. முகம் சிறிது கரடாக இருந்தாலும் அதற்கேற்ப அமர்ந்துகொள்ளும். பழைய இரும்பு எஞ்சினுக்கு அதுவே பொருத்தம். பல அடுக்கு உருக்குக் கஸ்கெட் மிக உறுதியானது என்பது உண்மை. ஆனால் கண்ணாடிபோல் மழமழப்பாகக் கடைந்த முகம் அதற்கு வேண்டும். கரடான பழைய முகத்தில் வைத்தால் விலை கூடிய கஸ்கெட்டும் ஒழுகும். தனிச் செப்புத் தகடு வாயுவை நன்றாக அடைக்கும், தண்ணீரையும் ஒயிலையும் அந்தளவுக்கு அடைக்காது.

மூன்றாவது, டீசல் வாகனம் வைத்திருப்போருக்கு. பல டீசல் எஞ்சின்களுக்குக் கஸ்கெட் இரண்டு மூன்று தடிப்புகளில் வரும். அதன் ஓரத்திலுள்ள சிறு வெட்டுகள் அல்லது துளைகளின் எண்ணிக்கை தடிப்பைக் குறிக்கும். பிஸ்ரன் உச்சிக்கு வரும்போது சிலிண்டர் முகத்துக்கு மேலே எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்துதான் எந்தத் தடிப்பு என்று தீர்மானிக்க வேண்டும். முகத்தைக் கடைந்த எஞ்சினில் பிஸ்ரன் முன்னையிலும் மேலே வரும். அளக்காமல் மெல்லியதைப் போட்டால் பிஸ்ரன் வால்வில் முட்டலாம். தடித்ததைப் போட்டால் காலையில் கிளப்புவதே பாடாகும்.

நான்காவது, அலுமினிய ஹெட் உள்ள பிற்கால யப்பானியக் கார்கள். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒரு தடவை தண்ணீரின்றிக் கொதித்தாலே ஹெட் வளைந்துவிடும். அதை நிமிர்த்தாமல் கஸ்கெட்டை மட்டும் மாற்றுவது, கோணிய கதவுக்குப் புதுப் பூட்டுப் போடுவது போன்றது.

கஸ்கெட் மலிவு, முகமே பெறுமதி

எஞ்சினைச் செய்விக்கும்போது பிஸ்ரன், றிங் என்று கண்ணுக்குத் தெரியும் சாமான்களுக்குக் காசு கொடுக்கிறோம். முகம் பார்ப்பதற்குக் கொடுக்க மறுக்கிறோம். நேரான உருக்குச் சட்டம் ஒன்றை ஹெட்டின் முகத்தில் நீளமாகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் பீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்க்க வேண்டும். 0.05 மில்லி மீற்றர், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்குத் தகடு எங்கேனும் தாராளமாகப் புகுந்தால் லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் முகத்தையும் அவ்வாறே பார்க்க வேண்டும். பழைய எஞ்சின்களில் ஸ்ரட் பிடித்திருக்கும் இடத்தைச் சுற்றி இரும்பு மேல்நோக்கி இழுபட்டுச் சிறு மேடாக நிற்கும். அந்த மேடு கஸ்கெட்டைச் சுற்றிவர அமர விடாது. ஸ்ரட்டைக் கழற்றி ஓட்டையின் வாயைச் சிறிது சரித்துவிட்டால் போதும். பத்து நிமிட வேலை. எங்கள் காரில் அதை ஒருவரும் செய்திருக்கவில்லை.

இறுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கி, ஒரே தரத்தில் அல்லாது மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். மொறிஸ் மைனருக்கு இறுதி அளவு 40 இறாத்தல்-அடி. அதை அளவு காட்டும் ரோர்க் றெஞ்சினால் மட்டுமே அறியலாம். ‘கை சொல்லும்’ என்பார்கள். காலையில் பதமாக இருக்கும் கை, களைத்த மாலையில் பொய் சொல்லும். சில நூறு மைல் ஓடியபின், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மறுபடியும் இறுக்கிப் பார்த்து, வால்வு இடைவெளியையும் சரிசெய்ய வேண்டும். கலப்புக் கஸ்கெட் சிலவற்றுக்கு மறுபடி இறுக்கத் தேவையில்லை என்று உறையிலேயே எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் உறையை எறிந்துவிடாதீர்கள்.

இவற்றோடு எங்கள் ஊருக்கென்றே ஒரு காரணம் உண்டு. எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறுவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லா வீட்டிலும் காண்கிறோம். அதே படிவு றேடியேற்றரையும் எஞ்சினின் தண்ணீர் வழிகளையும் அடைக்கும். எஞ்சின் கொதிக்கும், கஸ்கெட் எரியும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்து றேடியேற்றருக்கு அதையே விடுங்கள். செலவில்லாத காவல் இது.

கஸ்கெட் போய்விட்டதா என்று எப்படி அறிவது? வெளியே ஒழுக்கில்லாமல் தண்ணீர் குறைதல், புகைக்குழாயில் இடைவிடாத வெள்ளாவி, எஞ்சின் ஓடும்போது றேடியேற்றரில் குமிழிகள், பால் விட்ட தேத்தண்ணீர் நிறத்தில் ஒயில். அடுத்தடுத்துள்ள இரு சிலிண்டர்களில் மட்டும் அமுக்கம் குறைந்தால் அவற்றுக்கு நடுவே கஸ்கெட் எரிந்திருக்கக்கூடும். ஆனால் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்மை படிந்திருந்தால் பதறவேண்டாம். சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் எஞ்சினில் ஈரம் அப்படிப் படிவதுண்டு.

ஒழுக்கு ஒரு செய்தி

ஒயில் ஒழுக்கு என்றவுடன் சிலிக்கன் பசையை அள்ளிப் பூசுகிறோம். பூசிய பசையில் உள்ளே பிதுங்கியது உடைந்து விழுந்து, சம்பில் ஒயிலை இழுக்கும் வலையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். முதலில் ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சினைச் சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, சிறிது நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஒயில் கீழ்நோக்கியும், ஓட்டக் காற்றினால் பின்நோக்கியும் போகும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்க்காமல், ஈரம் தொடங்கிய மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். பல வேளைகளில் அது மேலேயுள்ள வால்வு மூடியின் தக்கைக் கஸ்கெட்டாக இருக்கும். அந்த மூடியையும் சம்பையும் அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் தகரம் வளைந்து ஒழுக்குக் கூடும். கடையில் கிடந்து சுருங்கிய தக்கைக் கஸ்கெட்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும்.

இன்னுமொன்று முக்கியமானது. எஞ்சின் மூச்சு விட வேண்டும். றிங்கைத் தாண்டிக் கீழே வரும் வாயு வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அது பிசினால் அடைபட்டால், உள்ளே அமுக்கம் கூடி, கிடைக்கும் ஒவ்வொரு இடுக்காலும் ஒயிலைத் தள்ளும். மொறிஸ் மைனர், ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் எஞ்சின்களின் பின்புறத்தில் இன்றைய கார்களில் உள்ளதுபோன்ற றப்பர் சீல் இல்லை. சுழலும் தண்டில் வெட்டிய சுருள் தவாளிப்பே ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. உள்ளே அமுக்கம் கூடினால் அந்தச் சுருள் தோற்றுப்போகும். எத்தனை புதுக் கஸ்கெட் போட்டாலும் நிற்காது. எஞ்சின் ஓடும்போது ஒயில் விடும் மூடியைத் திறந்து பாருங்கள். பலமாகப் புகை தள்ளினால் ஒன்றில் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறது அல்லது றிங் தேய்ந்திருக்கிறது.

எங்கள் காரில் மூச்சுக்குழாய் முற்றாக அடைபட்டிருந்தது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர்கள் அதற்கும் சேர்த்துப் பச்சை வர்ணம் பூசியிருந்தார்கள், உள்ளே துப்புரவாக்கவில்லை. முதியவர் அதைக் கழுவிப் பூட்டியபின் ஒழுக்கு முற்றாக நிற்கவில்லை. ஆனால் இரவில் கீழே வைக்கும் மட்டையில் இரண்டு மூன்று துளிதான் இப்போது விழுகிறது. அந்தளவுக்கு, ‘பழைய எஞ்சின் ஒழுகும்’ என்ற சொல்லில் உண்மை உண்டு. ஓரிரு துளி அதன் வயது. கறுப்பு வட்டம் எங்கள் கவனக்குறைவு.

கிணற்றுக்குள் போவது

பத்துச் செக்கனுக்கு ஒரு துளி என்று வைப்போம். மணிக்கு 360 துளி, ஏறத்தாழ 12 முதல் 18 மில்லி லீற்றர். நாளுக்கு நான்கு மணிநேரம் இறைக்கும் மெசினில் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் ஒயில். அது எங்கே போகிறது? எங்களுக்கு ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான். நிலத்தின் கீழ் வெடிப்பும் குகையுமாக உள்ள சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீரே எங்கள் குடிநீரும் தோட்டத் தண்ணீரும். மேலே மெல்லிய செம்மண். மண் சல்லடையாக நின்று வடிப்பதற்கு அங்கு ஆழமில்லை. ஒரு கிணற்றில் விழுந்தது அடுத்த கிணற்றுக்குப் போக வேலி தடையல்ல.

சுன்னாகத்தில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. மின் நிலைய வளவிலிருந்து பரவிய எண்ணெயால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. மக்கள் கிணற்றைப் பார்த்துக்கொண்டு பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். 2019 சித்திரையில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனத்துக்குத் தீர்ப்பளித்தது. அந்த நிறுவனத்தைக் கேள்வி கேட்டது நியாயம். அதே வாயால், எங்கள் மெசின் கொட்டிலின் கறுத்த தரையைப் பற்றி நாங்களும் பதில் சொல்ல வேண்டும். கழிவொயிலைக் கறையானுக்கென்று வேலியோரம் ஊற்றும் பழக்கத்தையும் விடவேண்டும். கலனில் சேர்த்து வைத்தால் வாங்கிச் செல்வோர் இருக்கிறார்கள். மெசினின் கீழே மணல் பரப்பிய ஒரு தகரத்தட்டை வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

செய்யக்கூடியவை

மெக்கானிக்குகளை மட்டும் குறைசொல்வது நேர்மையல்ல. ‘குறைந்த செலவில் எப்படியாவது ஓடச் செய்து தா’ என்று கேட்பவர்கள் நாங்கள்தான். முகம் பார்க்கக் கூலி கேட்டால் அடுத்த கராஜுக்குப் போய்விடுகிறோம். ஹெட்டைக் கழற்றிப் பூட்டும் கூலியை மூன்று தடவை கொடுத்த நான், முதல் தடவையே லேத்துக்குக் கொடுத்திருந்தால் விதைக் காசு மிஞ்சியிருக்கும். ஆகவே, எஞ்சினைக் கொடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: முகம் பார்த்தீர்களா? கஸ்கெட்டை வைத்துப் பார்த்தீர்களா? மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா? கழற்றிய பழைய கஸ்கெட்டையும் கேட்டு வாங்குங்கள். எங்கே எரிந்தது என்று அது சொல்லும்.

வாழ்வாதார உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. மீள்குடியேறிய குடும்பத்துக்கு இறைப்பு மெசின் கொடுத்துப் படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. அதற்குப் பொருத்தமான ஒரு கஸ்கெட் தொகுதியும், அதைக் கழற்றிப் பூட்டக் கற்பிக்கும் ஒரு நாளும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு கமக்கார அமைப்பும் ஒரு ரோர்க் றெஞ்ச், ஒரு நேர்ச்சட்டம், ஒரு பீலர் கேஜ், ஓர் அமுக்கமானி ஆகிய நான்கையும் பொதுவில் வாங்கி, மருந்து தெளிகருவியை இரவல் கொடுப்பதுபோல் கொடுக்கலாம். தனியாக வாங்க எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. ஊராக வாங்கினால் பாரமில்லை. வேலை பழக விரும்பும் பிள்ளைகள், ஆண்பிள்ளைகள் மட்டுமல்ல பெண்பிள்ளைகளும், அவற்றில் கை பழகட்டும்.

இடம்பெயர்ந்தவர்களாகிய எங்களுக்கு எதையும் தற்காலிகமாகச் செய்து பழகிவிட்டது. தற்காலிகக் கொட்டில், தற்காலிகக் குத்தகை, தற்காலிகக் கஸ்கெட். நாளைக்கு ஊருக்குப் போய்விடுவோம் என்ற எண்ணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. காணி விடுபட்டுப் போனவர்களும் உண்டு, இன்னும் காத்திருப்பவர்களும் உண்டு. போகும் நாளில், புற்றெழுந்த காணியைத் துப்புரவாக்கி முதல் தண்ணீர் இறைக்க எங்களுடன் வரப்போவது இந்த எஞ்சின்கள்தான். அவற்றை அந்த நாளுக்கு ஆயத்தமாக வைத்திருப்போம்.

எங்கள் முற்றத்தின் கறுப்பு மண்ணை வெட்டி எடுத்து, ஒரு பழைய பரலில் போட்டு மூடி வைத்திருக்கிறோம். அந்தக் குழியை வேறு செம்மண்ணால் நிரப்பினோம். இப்போது ஒவ்வொரு காலையும் காரை எடுத்தபின் கீழேயுள்ள மட்டையைப் பார்ப்பது என் பேத்தியின் வேலை. துளிகளை எண்ணிச் சொல்வாள். நேற்று இரண்டு.